கவுண்டர் ஓரத்துக் கண்ணாடி

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குச் சென்ற மாதம் உங்களில் ஒருவர் போன் செய்தார். வெளிநாட்டு மாணவர் பிரிவின் கவுண்டரை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். அதன் ஓரச் சுவரில் தொங்குகிற சின்ன வட்டக் கண்ணாடியை என்ன செய்வது, அது கல்லூரிச் சொத்தா, என் சொந்தப் பொருளா என்று கேட்டார். மேசை, நாற்காலி, மின்விசிறி என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் சொத்து எண் அதில் மட்டும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறார். கவனிக்கிற கண் உள்ளவர். இந்த வேலையில் நன்றாக வருவார்.

பதிலைப் போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். நீங்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று தோன்றியது. அதனால் குளுவாங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிவங்களைக் கண்டு பயப்படுகிறார்கள். படிவம் ஒரு வருடத்தில் பழகிவிடும். எத்தனை வருடம் ஆனாலும் பழகாதது, படிப்பு முடிந்த பிள்ளைகள் நம் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற அந்த இடைக்காலம். அவர்களுடைய மாணவர் பாஸ், அதாவது படிப்பதற்கான தங்கும் அனுமதி, முடிந்திருக்கும். வேலை பாஸ் இன்னும் வந்திருக்காது. சில நாட்டுப் பிள்ளைகளுக்கு, படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடவே ஒரு பாஸ் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு நிறுவனம் முன்வந்து மனுச் செய்ய வேண்டும். மனு புத்ராஜெயாவில், குடிநுழைவுத் துறையின் தலைமையகத்தில் இருக்கும். முடிவு வரும்வரை அந்தப் பிள்ளை இங்கே தங்குவதற்குக் குறுகிய காலச் சிறப்பு பாஸ் ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இருக்கலாம், காத்திருக்கலாம். அவ்வளவுதான். நாட்டை விட்டு ஒரு காலை வெளியே வைத்தால் அந்தப் பாஸ் செத்துவிடும். மனுவும் கூடவே போய்விடும்.

கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை இல்லை. நம் ஊரில் அப்படியில்லை. ஜொகூர் பாருவில் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலே எதிரே இன்னொரு நாட்டின் மாடிவீடுகள் தெரிகின்றன. சிங்கப்பூருக்குப் பாலத்தைத் தாண்டுவதை இங்கே யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்வதில்லை. “அந்தப் பக்கம் போயிட்டு வரேன்” என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. உங்களில் சிலர் வேலைக்குச் சேர்ந்தபோதே ஜொகூரில் சனி, ஞாயிறுதான் விடுமுறை. 2025 ஜனவரியில்தான் அப்படி மாறியது. அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேல் நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. புத்ராஜெயாவுக்குச் சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் மும்முரமாக உட்கார்ந்து அவர்களுக்குப் போன் போட்டால் அங்கே வெறும் அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை அவர்கள் நமக்குப் போட்டால் இங்கே. அந்தப் பத்தாண்டில் ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போனது. வெள்ளிக்கிழமை என்றால் நாடு முழுவதும் அரசாங்கம் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். படித்தவர், படிக்காதவர் எல்லோரும்தான். நான் தேதியும் கிழமையும் பார்த்தே பிழைத்தவள், அதனால் தப்பித்தேன்.

இது நடந்தது விடுமுறை மாறுவதற்கு முந்திய ஆண்டில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல்.

கவுண்டரை மூடுகிற நேரம். நம் கல்லூரிக்கு எதிரே உணவகம் வைத்திருந்த காதர் பாய் கைலியை மடித்துக் கட்டியபடி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் பின்னால் அனிட்டா. தூத்துக்குடிப் பெண். நம்மிடம் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படித்து முடித்தவள். படித்த காலமெல்லாம் பாய் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தாள். பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்து மனுவும் போட்டிருந்தது. சிறப்பு பாஸில் காத்திருந்தாள்.

அவள் அப்பா சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் இவளுக்கு இங்கே பரீட்சை. இவள் ஊருக்குப் போகும்போது அவர் பிரேசிலுக்கும் சீனாவுக்கும் நடுவில் எங்கோ. இவள் இங்கே படிக்க வந்த பிறகு அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போது அவருடைய கப்பல் எண்ணெய் நிரப்பிக்கொள்ள சிங்கப்பூர்க் கடலில் நங்கூரம் போட்டிருந்தது. மறுநாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் அவருக்குச் சிங்கப்பூரில் கரையிறங்க அனுமதி. சனிக்கிழமை கப்பல் கிளம்பிவிடும். கப்பல் வரப்போவது முன்பே தெரிந்ததால் அனிட்டா சிங்கப்பூர் விசாவும் வாங்கி வைத்திருந்தாள். அதற்குள் வேலை பாஸ் வந்துவிடும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வரவில்லை.

பாய் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

“அக்கா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க லா. சிங்கப்பூரு என்ன சந்திர மண்டலமா? நான் காலையில பாலத்தைத் தாண்டிப் போயி தம்பி கடைல டீ குடிச்சிட்டு, பகல் சாப்பாட்டு யாவாரத்துக்குத் திரும்பி வந்துடுறேன். இந்தப் புள்ள பெத்த அப்பனைப் பாக்கப் போனா என்ன குடி முழுகிடப் போவுது?”

“பாய், நீங்க இந்த நாட்டுக் குடிமகன். அவ மனுப் போட்டுட்டுக் காத்திருக்கிறவ.”

“காத்திருக்கட்டும். நாளைக்குப் போயிட்டு நாளைக்கே வந்து காத்திருக்கட்டும். நாளைக்கு வெள்ளிக்கெழம. எல்லா ஆபீசும் பூட்டு. எவன் உக்காந்து பாக்கப் போறான்?”

“இங்க பூட்டு. புத்ராஜெயாவுல நாளைக்கு வேலை நாள்.”

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அலமாக்,” என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, “ஒரே நாட்டுல ரெண்டு வெள்ளிக்கெழமயா? இதெல்லாம் யாருக்கா கண்டுபுடிக்கிறா?” என்றார்.

அதுவரை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்ற அனிட்டா, இப்போது கேட்டாள்.

“மேடம், நான் போனா மனு கண்டிப்பா போயிருமா? இல்ல, போனாலும் போகலாம்னு சொல்லுதீங்களா?”

இவ்வளவு சுத்தமாகக் கேள்வி கேட்கும் மாணவர்கள் அபூர்வம். நானும் சுத்தமாகப் பதில் சொன்னேன்.

“கண்டிப்பா போயிடும்மா. எல்லைச் சாவடியில உன் பாஸ்போர்ட்டைத் தட்டின உடனே கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும். மனுவைக் கையில எடுக்கிறவங்க முதல்ல பாக்கிறதே நீ நாட்டுக்குள்ள இருக்கியான்னுதான். திரும்பி வரும்போது சுற்றுலாப் பயணியா உள்ள விட்டாலும் விடுவாங்க. ஆனா அப்படி வந்து இங்க இருந்துகிட்டே வேலை பாஸ் வாங்க முடியாது. ஊருக்குப் போயி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கம்பெனி அதுவரைக்கும் காத்திருக்குமா?”

“காத்திருக்காது. புதுக் கிடங்கு தொறக்காவ. ஆள் இல்லன்னா அடுத்த ஆள எடுத்துருவாவ. அப்பா சொல்லிருக்காவ. எனக்கு வேலை நெலையாயிட்டுன்னா இந்தக் கான்ட்ராக்டோட கப்பல விட்டு எறங்கிருவேன்னு. இல்லன்னா தம்பி படிப்பு முடியிற வரைக்கும் ஓடணும். அவியளுக்கு முழங்கால் சரியில்ல மேடம். ஏணி ஏற முடியல. கப்பல்ல யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சிருக்காவ.”

அப்போதுதான் எனக்கு முழுப் படமும் தெரிந்தது. நாளைக்கு அவரைப் பார்க்கப் போனால், அவர் இன்னும் பல வருடங்கள் கடலில் இருக்க வேண்டிவரும். அவரைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் நாளைக்குப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிப்பதுபோல் நின்றார்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க மேடம்?” என்றாள்.

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். அதற்கு நம் கைவசம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘விதிப்படி போகக் கூடாதும்மா’ என்பது ஒன்று. ‘இதை நான் கேட்கவே இல்லை’ என்பது இன்னொன்று. இரண்டுமே நம்மைக் காப்பாற்றும் பதில்கள். எதிரே நிற்கிற பிள்ளையை இரண்டும் காப்பாற்றாது. அவள் விதியைக் கேட்கவில்லை. அதை ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தாள். ஒரு மனுஷியை மனுஷியாகக் கேட்டாள்.

“நானா இருந்தா போயிருப்பேன்ம்மா,” என்றேன்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்தார். எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் அதுதான் உண்மை. என் அப்பா இறந்தபோது நான் ஊரில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொடுப்பினை உள்ளவளுக்கு வேறு பதில் வரவில்லை.

அனிட்டா தலையை ஆட்டினாள். “சரி மேடம்,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் முதுகு தெரிந்தது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. முதலில் அவள் பேசினாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு மட்டும் நின்றாள். பாய் என்னிடம் தாழ்ந்த குரலில், “நான்தான் ஆசையைக் கெளப்பிவிட்டேன்” என்றார்.

அவள் உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

“போகல மேடம். அப்பாகிட்ட நான்தான் சொன்னேன், வரலைன்னு. பெறகு, நீ வராத ஊருல எனக்கு என்ன சோலி, நானும் எறங்கலன்னாவ.” கையிலிருந்த போனைப் பார்த்தாள். “பெறகு கேட்டாவ, உங்க பக்கத்துலேர்ந்து கடல் எங்க தெரியும்னு.”

அவள் போனைக் கவுண்டரில் வைத்தாள். திரையில் கடல். கடல் முழுக்க வண்ண வண்ண அம்புக்குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கப்பல். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலி அது. அவள் படித்த படிப்புக்குத் தேவைப்பட்டது. ஆனால் அவள் அதை எப்போதும் தன் அப்பாவின் கப்பலைப் பார்க்கத்தான் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். நங்கூரப் பகுதியின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை அம்பு. அதற்கு வடக்கே, மிக அருகில் இருந்த நிலம் ஜொகூர். பெங்கேராங் கரை.

பாய் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“ஜும்மா முடிஞ்சதும் வேனை எடுக்கிறேன்,” என்றார். “அக்கா, நீங்களும் வரணும். நாளைக்கு உங்களுக்குத் தூங்குற வெள்ளிக்கெழமதானே.”

மறுநாள் தொழுகை முடிந்து வந்தவர் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வேனில் சாப்பாடு ஏற்றியிருந்தார். வீட்டுக்காரம்மா கொடுத்துவிட்ட இரண்டு பெரிய எவர்சில்வர் தாம்பாளங்களில் கோழிப் பெரட்டல், ஒரு பானைச் சோறு. “கல்யாண வீட்டுக்கா போறோம் பாய்?” என்று கேட்டேன். “அப்பனைப் பாக்கப் போற புள்ள வெறும் வயித்தோட போகலாமா?” என்றார். வழி நெடுக எண்ணெய்க்காகப் பயிரிட்ட செம்பனைத் தோட்டம். அனிட்டா சன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். பாய்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். யார் யாரோ சொந்தக்காரர்களின் கல்யாணங்கள், அவற்றில் பரிமாறிய பிரியாணியின் குறைகள்.

அசர் என்கிற பிற்பகல் தொழுகை நேரத்துக்கு முன்பே கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நான் ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கடற்பயணங்களைப் பற்றிய பழைய புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். இந்த நீரிணை வழியாக எந்த நூற்றாண்டில் எந்தத் தேசத்துக் கப்பல்கள் போயின என்று கேட்டால் ஓரளவு சொல்வேன். ஆனால் அந்தக் கரையில் நின்று அந்தக் கடலை அன்றைக்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை. கடல் தெரிந்த இடமெல்லாம் கப்பல்கள். நகரம் ஒன்றைப் பெயர்த்து எடுத்துத் தண்ணீரில் பரப்பி வைத்ததுபோல, சிவப்பும் கறுப்பும் நீலமுமாக, அசையாமல் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இருபது முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு வீடு. எத்தனை வருடமாக நான் எல்லைகளைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்! அந்தத் தண்ணீரில் எங்கோ ஒரு கோடு இருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அலை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது.

அனிட்டாவின் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்துப் பதறிவிட்டாள். சிங்கப்பூருக்கு நல்வரவு என்று தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி. கரையோரத்தில் அந்தப் பக்கத்து அலைவரிசை பிடித்துக்கொள்ளும்.

“மேடம், இது கணக்குல வருமா?”

“அலமாக்! போன் மட்டும் பாஸ் இல்லாம எல்லை தாண்டிடுச்சு லா!” என்று பாய் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக அவளும் சிரித்தாள்.

அப்பாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். அந்தக் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். காற்றுச் சத்தத்துக்கு நடுவே, கப்பலில் பேசிப் பழகிய உரத்த குரல்.

“ஏ மக்கா, வந்துட்டியா?”

“வந்துட்டேன்ப்பா. எந்தக் கப்பல்னு தெரியல. எல்லாம் ஒண்ணு போல இருக்கு.”

“செவப்புக் கப்பல் ஒண்ணு தெரியுதா? அதுக்கு எடது பக்கம்.”

“செவப்பா நாலஞ்சு நிக்கிப்பா.”

“கிரேன் வச்ச கப்பல்ளா.”

“எல்லாத்துலயும் கிரேன் இருக்குப்பா.”

பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “அதோ, அதுதான்” என்று ஒன்றைக் காட்டினார். நான் வேறு ஒன்றைக் காட்டினேன். மனிதர்கள் தெரிகிற தூரமே இல்லை. கப்பலே விரல் நகம் அளவுதான். அவள் முகம் வாடத் தொடங்கியது. இவ்வளவு தூரம் வந்து, எந்தக் கப்பலைப் பார்த்து நிற்பது என்றுகூடத் தெரியாமல் திரும்ப வேண்டுமோ என்று நினைத்தேன்.

“சரி, நீ ஒண்ணும் தேடாத,” என்றது குரல். “சும்மா கடலப் பாத்து நில்லு. நான் காட்டுதேன்.”

நின்றோம். ஒன்றும் இல்லை. அலைகள். ஒரு மீன்பிடிப் படகு.

பிறகு, அந்த அத்தனை கப்பல்களுக்கு நடுவே, ஒன்றிலிருந்து ஓர் ஒளி வெட்டியது.

வெள்ளி ஊசி குத்தியதுபோல் ஒரே ஒரு கணம். மறைந்தது. மறுபடி வெட்டியது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு கூர்மையாக வந்த ஒளியைப் பார்த்ததில்லை. மூன்றாம் முறை வந்தபோது அது நகராமல் நின்றது. எங்கள் மேல் நின்றது. கண் கூசியது.

“சவரம் பண்ணுத கண்ணாடி,” என்றார் அவர் போனில். “வெயில அதுல புடிச்சி உன் பக்கம் திருப்புதேன். வருதா?”

அனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள், அவருக்குத் தெரியும் என்பதுபோல. பாய்தான் போனைப் பார்த்துக் கத்தினார். “வருது அண்ணே! நல்லா வருது! கண்ணு அவியுது!”

“அது யாரு?”

“வீட்டுக்கார பாய்ப்பா,” என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

“பாய், உமக்கு வந்து சலாம் வைக்கணும்னு இருந்தேன். இப்போதைக்கு இத வச்சுக்கிடும்,” என்றார். ஒளி இரண்டு முறை வெட்டியது. பாய் நெஞ்சில் கைவைத்து, கடலைப் பார்த்துத் தலை குனிந்தார்.

பிறகு திடீரென்று வேனுக்கு ஓடினார். ஒரு தாம்பாளத்தில் இருந்த கோழிப் பெரட்டலை இன்னொன்றில் கவிழ்த்தார். தன் வெள்ளைச் சட்டையின் நுனியாலேயே தாம்பாளத்தைப் பரபரவென்று தேய்த்தார். “என் கடைல எவனும் இதை இப்படித் தேச்சதில்ல,” என்று சொல்லிக்கொண்டே அவள் கையில் கொடுத்தார். அவள் வெயிலுக்கு நேராகப் பிடித்து, மெல்ல மெல்லச் சாய்த்தாள். தாம்பாளத்தின் வெளிச்சம் மணலில் ஓடியது, அலையில் ஏறியது, கடலுக்குள் போய்க் காணாமல் போனது.

போனில் காற்றுச் சத்தம் மட்டும். அவள் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“தெரியுது!” அந்தக் குரல் உடைந்துவிட்டது. “தெரியுது மக்கா! தெரியுது! அசைக்காத, அப்படியே வையி!”

நான் ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் தாம்பாளத்தைத் தாங்கிக்கொண்டோம். கடலில் இருந்து அவர் வெளிச்சம் வந்தது, கரையிலிருந்து அவள் வெளிச்சம் போனது. பக்கத்தில் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு மலாய் அம்மா என்ன இது என்று பாயிடம் கேட்டார். அங்கே இருப்பது இந்தப் பிள்ளையின் அப்பா என்று பாய் மலாயில் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்த குழந்தையைக் கடல் பக்கம் திருப்பி, கையை ஆட்டச் சொன்னார். அது ஆட்டியது.

நான் பின்னால் அனிட்டாவிடம் கேட்டேன், வாரத்துக்கு இரண்டு முறையாவது வீடியோவில் அவர் முகத்தைப் பார்க்கிறவள்தானே, இதில் முகம்கூடத் தெரியவில்லையே என்று. “போன்ல வாரது எங்கெங்கயோ சுத்தி வருது மேடம்,” என்றாள். “இது அப்பா கையிலேர்ந்து நேரா என் கைக்கு வந்துது.” அந்த ஒளி அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வந்தது. இத்தனை வருடம் பாஸ், முத்திரை, அனுமதி என்று பேசிவந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தடுக்கிற விதி எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

மேற்கே மேகம் திரண்டு வெயிலை மூடியதும் இரண்டு வெளிச்சமும் ஒன்றாக அணைந்தன. “மறைச்சிட்டு,” என்றார் அவர். “சாப்பிட்டியா? போயிச் சாப்பிடு.” “போயிட்டு வாரேன்ப்பா,” என்றாள் அவள். மழைக்குள் வேனில் உட்கார்ந்து, ஒரே தாம்பாளத்தில் மூவரும் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கவுண்டரைத் திறக்கும்போதே அவள் வந்து நின்றிருந்தாள். அவள் நிறுவனமும் அன்றுதான் திறந்திருந்தது. மின்னஞ்சலைப் பார்த்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை பாஸ் அங்கீகாரம். நான் வழக்கம்போல் முதலில் தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. நேரம், பிற்பகல். நாம் தூங்குகிற வெள்ளிக்கிழமையில், புத்ராஜெயாவில் யாரோ ஒருவர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து, அவள் நாட்டுக்குள் இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறார். இருந்திருக்கிறாள். அனுமதித்திருக்கிறார். சரியாக அந்தக் கண்ணாடி வெட்டிய நேரத்திலா என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் அப்போது கரையில் இருந்தோமா, வழியில் வேனில் இருந்தோமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததை நேரம் போட்டு எழுதும் பழக்கம் எனக்கில்லை.

அப்பாவுக்கு உடனே செய்தி அனுப்பினாள். கப்பல் முதல் நாளே கிளம்பிவிட்டிருந்தது. செய்தி அவரிடம் போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது. அடுத்த சில நாட்கள் அவள் கவுண்டர் பக்கம் வரும்போதெல்லாம் நான் கண்ணாலேயே கேட்பேன், அவள் தலையாட்டி இல்லை என்பாள். ஒருநாள் படியில் ஓடி வந்து போனை நீட்டினாள். நடுக்கடல் தாண்டி ஏதோ ஒரு துறைமுகத்தில் அலைவரிசை கிடைத்து, ஒரே வார்த்தையில் பதில் வந்திருந்தது.

“எறங்குதேன்.”

இறங்கினார். ஒப்பந்தம் முடிந்த கையோடு, மகளைப் பார்க்க முறையான விசாவில் வந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிற, நல்ல உயரமான மனிதர். பாய் கடையில் அவருக்கு நடந்த விருந்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். நம் கவுண்டருக்கும் வந்தார். கைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். கரையில் இருக்கிறவனுக்குச் சவரம் பண்ண வீட்டில் கண்ணாடி உண்டு, இது இங்கே இருக்கட்டும், பாஸுக்குப் படம் எடுக்க வருகிற பிள்ளைகள் தலை சீவிக்கொள்ளும் என்றார். ஆணி அடித்து, கயிறு கட்டி, அவரே மாட்டினார்.

‘போகாதே’ என்று அன்றைக்கு நான் ஓங்கிச் சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். ஆனால் அப்போது தாழ்வாரத்தில் நின்று அப்பாவிடம் ‘மேடம் வேண்டாம்னுட்டாங்க’ என்று சொல்லியிருப்பாள். ‘நான் வரல’ என்று சொல்லியிருக்க மாட்டாள். அவளே ‘நான் வரல’ என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் அவர் கடல் எங்கே தெரியும் என்று கேட்டார். விதியை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பது நமக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கரையில் நின்ற பிறகு, தெரியும் என்று நினைப்பதையே விட்டுவிட்டேன்.

ஆகவே, கேட்ட கேள்விக்குப் பதில். அது கல்லூரிச் சொத்தும் இல்லை, என் பொருளும் இல்லை. கவுண்டரை இடியுங்கள், கண்ணாடியை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம், அவர் போட்ட முடிச்சு மறுபடி போட வராது. புதுக் கவுண்டரில் எங்கே மாட்டினாலும் சரி. வெயில் விழுகிற சுவராகப் பாருங்கள்.